பொன்னம்மாவைச் சந்தூக்கில் சுமந்து போன விவரம்

மலாக்கா, போலீஸ் நிலையம். 1958 செப்டம்பர் எட்டாம் தேதி, தமிழ் மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில் எழுதிக்கொண்டது.

பெயர்: அப்துல் கய்யூம். தகப்பனார் பெயர்: காதர் மீரா. வயது: நாற்பத்தாறு. தொழில்: மளிகைக் கடை. முகவரி: கஜா பேராங் சாலை, சூராவை ஒட்டிய கடைவீடு.

நான் மேற்படி முகவரியில் என் மனைவி நூர்ஜஹானுடன் குடியிருந்து வருகிறேன். பிறந்ததும் இதே கஜா பேராங்கில்தான். என் மேல் இதுவரை எந்தப் புகாரும் வந்ததில்லை. கடைக்கு முன்னால் ஜனம் நடக்கும் அஞ்சடிப் பாதையில் அரிசி மூட்டையை அடுக்கி வைத்ததற்கு நகராட்சிக்காரர்கள் அவ்வப்போது திட்டுவார்கள், அவ்வளவுதான். எங்கள் சூராவின், அதாவது சிறு தொழுகைப் பள்ளியின், செயலாளர் ஜனாப் சிஹாபுதீன் என் மேல் கொடுத்திருக்கும் புகாரை மொழிபெயர்ப்பாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். சூராவின் பின்கொட்டகைப் பூட்டை உடைத்தேன், அனுமதியில்லாமல் சந்தூக்கை எடுத்தேன், முஸ்லிம் அல்லாத ஒரு பெண்ணை அதில் கிடத்தினேன், உயிரோடு இருப்பவரை இறந்தவர் என்று ஊரை நம்பவைத்தேன் என்று அதில் இருக்கிறது. எல்லாம் நடந்ததுதான். எப்படி நடந்தது என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

சந்தூக்கு என்றால் என்ன என்று அதிகாரி கேட்டதால் அதை முதலில் சொல்கிறேன். எங்களில் ஒருவர் இறந்துபோனால் அவரைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, அடக்கம் செய்யும் கபுருஸ்தானுக்குச் சுமந்து போகும் மரத் தொட்டில் அது. நான்கு மூலையிலும் கைப்பிடிக் கட்டை நீண்டிருக்கும், பக்கங்களில் தடுப்பு இருக்கும், மேலே பச்சைத் துணி போர்த்துவோம். அடக்கம் முடிந்ததும் சந்தூக்கு சூராவுக்குத் திரும்பிவிடும். அடுத்தவர் யார் என்று தெரியாது என்பதால் அதன் பக்கம் யாரும் சும்மா போய் நிற்பதில்லை. குழந்தைகள்கூட அந்தக் கொட்டகைப் பக்கம் பந்தாடுவதில்லை.

சுதந்திரம் கிடைத்து ஒரு வருடம் நிறைந்த கொண்டாட்டம் ஆகஸ்ட் முப்பத்தோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை நடந்தது. காலையிலிருந்தே எங்கள் சாலை முழுவதும் ஜனம். அலங்கார வண்டிகள், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய லாரிகள், பேண்டு வாத்தியக்காரர்கள் எல்லாம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் திடலுக்குப் போவதற்காக எங்கள் கடை வாசலிலிருந்தே வரிசை கட்டி நின்றிருந்தார்கள். நானும் சர்பத் கலக்கி வைத்து வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பின்வீட்டு மருதமுத்து வந்து, "பாய், பொன்னம்மா எந்திரிக்க மாட்டேங்கறா. ஒடம்பெல்லாம் சில்லுன்னு இருக்கு," என்றார். மருதமுத்து சாலை போடும் இலாகாவில் வேலை செய்கிறார். பொன்னம்மா அவருடைய மனைவி, பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை. பல வருடங்களாகக் கறிவேப்பிலை வாடியிருக்கிறது, புளியில் கொட்டை அதிகம் என்று என்னோடு சண்டை போட்டுத்தான் சாமான் வாங்குவார். அந்தச் சண்டை இல்லாத நாளில் எனக்குக் கடை திறந்த மாதிரியே இருக்காது.

அதன் பிறகு நானும் நூர்ஜஹானும் ஓடிப் போய்ப் பார்த்தபோது, பொன்னம்மா அடுப்பங்கரைத் தரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். உதடு வெளுத்திருந்தது. எங்கள் கம்பத்துக் குடியிருப்பிலேயே இருக்கும் அரசாங்க மருத்துவச்சி மிஸ்ஸி சீதாவை நூர்ஜஹான் கூட்டி வந்தாள். மிஸ்ஸி வயிற்றை மெல்லத் தொட்டுப் பார்த்து, கண் இமையை இழுத்துப் பார்த்து, "உள்ளுக்குள்ள ரத்தம் போய்க்கிட்டிருக்கு. ஆப்பரேசன் பண்ணாத்தான் பொழைப்பாங்க. பெச்சா ரிக்சாவுல உக்கார வச்செல்லாம் கொண்டு போகாதீங்க, மயக்கம் போட்டு வழியிலேயே போயிடும். படுத்த வாக்குலதான் தூக்கணும்," என்றார்.

அதன் பிறகு நான் எதிர்க்கடை முதலாளியான சீனத் தவுக்கேயின் தொலைபேசியில் ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். இருக்கும் ஒரே வண்டி, வெயிலில் மயங்கி விழுந்த பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி வரத் திடலுக்குப் போயிருப்பதாகவும், அது பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜனத்தில் மாட்டிக்கொண்டு நிற்பதாகவும், எப்போது திரும்பும் என்று தன்னால் சொல்ல முடியவில்லை என்றும் சொன்னார். தவுக்கே தன் மோட்டார் காடியைத் தருகிறேன் என்றார். ஆனால் அந்தக் காடிக்கு முன்னால் யானைப் பொம்மை வைத்த லாரி ஒன்று நின்றது, பின்னால் பேண்டு நின்றது. காடியைக் கையால் தூக்கி வைத்தால்தான் நகரும்.

அதன் பிறகு நான் கடை அடைக்கும் பலகையில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தேன். பொன்னம்மாவை அதில் படுக்க வைத்து நானும் மருதமுத்துவும் தையல்காரர் அப்துல் சமதும் செட்டிக் கம்பத்து நண்பர் ஒருவரும் தூக்கினோம். சாக்கடைப் பாலத்தில் கால் வைத்ததும் பலகை சாய்ந்து பொன்னம்மா நழுவிவிட்டார். மிஸ்ஸி குறுக்கே விழுந்து தாங்கிப் பிடித்தார். எல்லோரும் திகைத்து நின்றபோது நூர்ஜஹான்தான் என்னிடம், "சந்தூக்குல தடுப்பு இருக்குல்லங்க?" என்று கேட்டாள். யோசனை அவளுடையது என்று எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அவளைக் காட்டிக்கொடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை, எனக்கு அந்தப் புத்தி வரவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. உயிரோடு இருக்கிற பெண்ணை எப்படி அதில் படுக்க வைப்பது என்றேன். "செத்த மய்யித்துக்கு என்னங்க அவசரம்? இவளுக்குத்தானே அவசரம்," என்றாள். மருதமுத்து என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது பொன்னம்மாவே கண்ணைத் திறந்து, "எதுலயாச்சும் தூக்குங்க பாய். பேசிக்கிட்டே நிக்காதீங்க," என்றார். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. கொட்டகைச் சாவி டவுனில் இருக்கும் சிஹாபுதீன் நானாவிடம் இருந்தது. ஆகவே கடை எடைக்கல்லால் பூட்டை உடைத்தேன். பிறகு புதுப் பூட்டு வாங்கி மாட்டிவிட்டேன்.

அதன் பிறகு நாங்கள் நால்வரும் பொன்னம்மாவைச் சந்தூக்கில் கிடத்தித் தோளில் வைத்துச் சாலையில் இறங்கினோம். துணி போர்த்தவில்லை. நான் தமிழிலும் மலாயிலும், "ஆபத்தான கேஸ், வழி விடுங்க," என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு முன்னால் போனேன். இதை அதிகாரி கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நான் முதலிலேயே ஊரை ஏமாற்றினேன் என்று புகாரில் இருக்கிறது. உண்மையைத்தான் முதலில் சொன்னேன். உண்மைக்கு ஒருவர்கூட ஒதுங்கவில்லை. கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இதையும் வேடிக்கை பார்த்தார்கள். என்ன, என்ன என்று கிட்டே நெருங்கினார்கள். ஒருவர் தன் பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டினார். பொன்னம்மாவின் சேலை விலகியிருந்தது. அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

கூடவே வந்த நூர்ஜஹானுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வெயிலும் சுட்டது. அவள் கொட்டகைக்கு ஓடிப் போய்ப் பச்சைத் துணியை எடுத்து வந்து தடுப்பின் மேல் விரித்துவிட்டாள். நிழலுக்காகவும் மானத்துக்காகவும்தான் விரித்தாள், வேறு எண்ணம் அவளுக்கு இல்லை. ஆனால் துணி விழுந்ததும் எங்களைச் சுற்றியிருந்த சத்தம் நின்றுவிட்டது. சீனர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மலாய்க்காரர்கள் பிரார்த்தனைக்குக் கையேந்தினார்கள். பேண்டு வாத்தியக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தி ஓரமாக ஒதுங்கினார்கள். யானை லாரிகூடச் சாக்கடைப் பக்கம் ஏறி வழிவிட்டது. முச்சந்தியில் நின்ற போலீஸ்காரர் கையைக் காட்டி எல்லா வண்டியையும் நிறுத்திவிட்டு, விறைப்பாக நின்று எங்களுக்கு சல்யூட் அடித்தார். அவர் இந்த நிலையத்தைச் சேர்ந்தவர் என்று கேள்விப்பட்டேன். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று அதிகாரி கேட்டார். சொல்லியிருந்தால் அந்த வழி மறுபடி மூடிக்கொண்டிருக்கும். ஆகவே வாயை மூடிக்கொண்டேன். அந்த இடத்திலிருந்து நடந்ததற்கு நான் பொறுப்பு.

அதன் பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எங்களில் ஜனாஸா ஊர்வலம் போவதைப் பார்த்தால், யாருடையது என்று கேட்காமல், ஓடிவந்து சில எட்டுகளாவது தோள் கொடுப்பது வழக்கம், அது பெரிய நன்மை. சந்தூக்கு நிற்காமல் தோளுக்குத் தோள் மாறிப் போய்க்கொண்டே இருக்கும். அன்று ஊரே சாலையில் இருந்ததால் தோளுக்குப் பஞ்சமில்லை. கடைக்காரர்கள், கப்பல் கூலிகள், வெள்ளைச் சட்டை போட்ட குமாஸ்தாக்கள் எல்லோரும் வந்து வந்து தாங்கினார்கள். பொன்னம்மா ஆட்டமில்லாமல் தண்ணீரில் போவது போலப் போனார். மிஸ்ஸி துணிக்கு அடியில் கையை விட்டு நாடியைப் பிடித்தபடி பக்கத்திலேயே ஓடினார். மருதமுத்து மட்டும் முன்கட்டையை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை. அவர் நெற்றி விபூதியைப் பார்த்து முதலில் முழித்தவர்கள், அவர் அழுவதைப் பார்த்ததும் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். வயதான மலாய்க்காரர் ஒருவர், "ஓராங் பாயேக், ஓராங் பாயேக்," நல்ல மனுஷர், நல்ல மனுஷர் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்குப் பொன்னம்மாவை முன்பின் தெரியாது. இறந்தவரைப் பற்றி நல்லது சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னார்.

இப்படித் தோள் மாற மாற நான் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டேன். எங்கள் நோயாளியை ஊர் எடுத்துக்கொண்டு போய்விட்டது, நான் பின்னால் ஓடினேன். பாலத்தைத் தாண்டியதும் சாலை பிரிகிறது. வலதுபுறம் ஆஸ்பத்திரி, இடதுபுறம் கபுருஸ்தான். கூட்டம் பழகிய மாடு மாதிரி இடதுபுறம் திரும்பியது. மிஸ்ஸி, "அந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம் இல்ல," என்று கத்துவது எனக்குக் கேட்டது. பாவம், விவரம் தெரியாத பெண் என்று நினைத்து ஒருவரும் காதில் வாங்கவில்லை. மருதமுத்துவுக்கு எங்கள் கபுருஸ்தான் எந்தப் பக்கம் என்று தெரியாது, அவர் குனிந்த தலை நிமிராமல் போய்க்கொண்டிருந்தார். என் உயிர் என்னிடம் இல்லை. ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனபோது, மருதமுத்துவுக்குப் பக்கத்துக் கட்டையைத் தாங்கிக்கொண்டு சிஹாபுதீன் நானா வந்துகொண்டிருந்தார். தன் கடை வாசலில் நின்றவர், தன் சூராவின் சந்தூக்கு தனக்குச் சொல்லாமல் வருவதைப் பார்த்துச் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்திருக்கிறார். செயலாளர் தாங்கும்போது வழி கேட்பவர் யார்?

நான் அவரிடம், "நானா, ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்புங்க," என்றேன்.

"மய்யித்து ஆஸ்பத்திரியிலேர்ந்துதானே வரும்? ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போவுது?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. நான் உடனே, "டாக்டர் பாத்துக் கையெழுத்துப் போடணும் நானா, இல்லாட்டி அடக்க முடியாது," என்றேன். இது பொய். அன்று நான் வாய் திறந்து சொன்ன பொய் இது ஒன்றுதான், அதுவும் எனக்குத் தகப்பன் வயதில் இருப்பவரிடம் சொன்னேன். அவர் நம்பினார். கட்டையை அழுத்தி வலதுபுறம் திருப்பினார், கூட்டமும் திரும்பியது. யார் இறந்தது என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. மேடு ஏறும்போது மூச்சு வாங்க வாங்க அந்த ஆத்துமாவுக்காக துஆ ஓதிக்கொண்டே வந்தார். யார் என்று தெரியாத ஒருவருக்காக அவர் கண் கலங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் வேகத்தைக் குறைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஆள் பச்சைத் துணியைப் பார்த்துவிட்டுப் பிணவறை இருக்கும் பின்பக்கத்தைக் கையால் காட்டினார். உடனே மிஸ்ஸி சீதா துணியை இழுத்துப் போட்டுவிட்டு, "உயிரோட இருக்காங்க, ஆப்பரேசன் ரூமைத் திறங்க," என்றார். பொன்னம்மா வெயிலுக்குக் கண்ணைக் கூசிக்கொண்டு, "தண்ணி," என்றார். சிலர் பின்வாங்கினார்கள், சிலர் சிரித்துவிட்டார்கள், ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். அந்த மலாய்ப் பெரியவர் மட்டும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார். ரத்தம் வேண்டும் என்று டாக்டரம்மா வெளியே வந்து கேட்டபோது, என் சட்டையைப் பிடித்தவரும் அந்தப் பெரியவரும் கையை நீட்டினார்கள். சிஹாபுதீன் நானா வெறுங்காலோடு மேட்டில் இறங்கிப் போய்விட்டார்.

கரு குழாயில் தங்கி வெடித்துவிட்டதாகவும், படுக்க வைத்தே கொண்டு வந்ததால் உயிர் தப்பியதாகவும் டாக்டரம்மா பிறகு சொன்னார்கள். அந்தத் தம்பதிக்குப் பிள்ளை இல்லை. கரு உண்டானதே அவர்களுக்குத் தெரியாது. மருதமுத்து அதைக் கேட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றபடியே, "அவ இருக்காள்ல பாய், போதும்," என்றார்.

அதன் பிறகு இரண்டு நாளில் என் மேல் புகார் வந்தது. எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. பூட்டுக்கும் மரத்துக்குமா ஒரு மனிதர் போலீசுக்குப் போவார் என்று எண்ணி, தொழுகையில் அவர் பக்கத்தில் நிற்காமல் வேறு வரிசையில் போய் நின்றேன், ஸலாமும் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் இருப்பவர் என்னிடம், வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் தினமும் விடிந்ததும் வந்து, "அந்தம்மா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, இருக்கிறார் என்றதும் உள்ளே வராமல் திரும்பிவிடுவதாகச் சொன்னார். எனக்கு முதலில் புரியவில்லை.

நேற்று மாலை நானும் நூர்ஜஹானும் மருதமுத்துவும் பொன்னம்மாவின் கட்டிலருகே இருந்தபோது, சிஹாபுதீன் நானா வார்டு வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்துத் திரும்பப் போனார். பொன்னம்மாதான், "உள்ள வாங்க பாய்," என்று கூப்பிட்டார். அவர் உட்காரவில்லை. நின்றபடியே, "அம்மா, ஒங்களுக்கு நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்," என்றார். "மய்யித்துக்குக் கேக்கற துஆவை ஒங்களுக்குக் கேட்டுட்டேன். இவங்க பாவத்த மன்னிச்சிரு, இவங்க கபுரை விசாலமாக்கிக் குடுன்னு, அழுது கேட்டுட்டேன். உயிரோட இருக்கறவங்களுக்குக் கபுரக் கேக்கலாமா? கேட்டது பலிச்சிருமோன்னு எனக்குச் சோறு எறங்கல. யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னு தெரியல, மாத்தா ஆபீசுல, போலீசுகிட்டயாவது சொல்லுவோம்னு போனேன்."

நூர்ஜஹான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்துகொண்டாள். பொன்னம்மா, "கேட்டதத் திருப்பி வாங்கிராதீங்க பாய்," என்றார். "எனக்கும் ஒரு நாளைக்கு வேணுந்தானே. அது வரைக்கும் ஆண்டவங்கிட்டயே இருக்கட்டும்." அதன் பிறகு என் பக்கம் திரும்பி, "ஊரே என்னைய நல்லவ, நல்லவன்னு சொல்லிக்கிட்டு வந்துச்சு. இந்த மனுசன் கடையில இத்தன வருசம் சாமான் வாங்குறேன், ஒரு நாளு சொன்னதில்ல," என்றார். சிஹாபுதீன் நானா சிரித்தார், சிரிக்கும்போதே அழுதார். நான் எழுந்து அவருக்கு ஸலாம் சொன்னேன், அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

மறுபடி இப்படி ஒரு கேஸ் வந்தால் என்ன செய்வாய் என்று அதிகாரி கேட்டார். அரசாங்கம் இன்னும் இரண்டொரு வண்டி வாங்கினால் எனக்கு இந்த வேலை இருக்காது. அது வரைக்கும் சூராவின் செலவில் நோயாளிகளுக்கென்று தடுப்பு வைத்த வேறு தூக்குக் கட்டில் ஒன்று செய்து, பூட்டாமல் வாசலில் வைப்பதாக சிஹாபுதீன் நானா சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு வருபவர்களிடம், உயிருக்குப் போராடுபவருக்கும் தோள் கொடுக்கலாம், அதிலும் நன்மை இருக்கிறது என்று அவரே பேசப் போகிறார். ஜனம் கேட்குமா என்று எனக்குத் தெரியாது. கேட்காவிட்டால் பச்சைத் துணி எங்கே இருக்கிறது என்று நூர்ஜஹானுக்குத் தெரியும்.

சிஹாபுதீன் நானா இப்போது என்னோடு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகவும், அதற்குப் பதிலாக ஒன்றே ஒன்றைப் போலீஸ் எழுத்தில் ஏற்றித் தர வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். அவர் மனம் ஆறுவதற்காக அதையும் சொல்கிறேன். பொன்னம்மா உயிரோடு இருக்கிறார். இன்று காலை அவர் கஞ்சி குடித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அதில் உப்பில்லை என்று மிஸ்ஸியோடு சண்டை போட்டார்.

இங்கே எழுதியதை மொழிபெயர்ப்பாளர் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். இதில் நான் சொல்லாதது எதுவும் சேர்க்கப்படவில்லை, சொன்னது எதுவும் விடுபடவில்லை. பொய் என்று நானே சொன்ன அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் உண்மை.

(ஒப்பம்) கா. அப்துல் கய்யூம்